திட்டினால் ரிஜெக்ட் குறையுமா?

உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய பிரிவில் நாளொன்றுக்கு 1,000 உருப்படிகள் தயாராகின்றன. சராசரியாக 20 ரிஜெக்ட். 'தொடர் முன்னேற்றம்' என்ற பெயரில் தினமும் காலையில் மீட்டிங் நடக்கிறது. முந்தைய நாள் 26 என்றால் திட்டு, 15 என்றால் கைதட்டல். "திட்டு வாங்கிய மறுநாள் எண்ணிக்கை குறையத்தான் செய்கிறது. அப்படியானால் திட்டுவதில் பலன் இருக்கிறதுதானே?"

இல்லை. பிளஸ் டூ கணக்கே இதற்குப் போதும். ஒவ்வொரு உருப்படியும் ரிஜெக்ட் ஆக நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்றால், 1,000 உருப்படிகளில் சராசரி 20, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) சுமார் 4.4. யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே எண்ணிக்கை தினமும் ஏறி இறங்கும். 26 வந்த மறுநாள் அதைவிடக் குறைவாக வருவதற்கு ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது வாய்ப்பு உண்டு. திட்டினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. 15 வந்து கைதட்டிய மறுநாள் எண்ணிக்கை ஏறுவதும் இதனால்தான். இதைத் தினமும் பார்க்கும் மேலாளர், 'பாராட்டினால் கெட்டுப்போகிறார்கள், திட்டினால்தான் வழிக்கு வருகிறார்கள்' என்று மனப்பூர்வமாக நம்பிவிடுகிறார். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் உளவியலாளர் டேனியல் கானமன் கண்டதும் இதே நம்பிக்கைதான்.

இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் தாளில் வரைந்து காட்டியவர் அமெரிக்காவின் வால்ட்டர் ஷூவார்ட். தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1924 மே 16 அன்று தன் மேலதிகாரிக்கு அவர் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில்தான் இன்றைய கண்ட்ரோல் சார்ட் பிறந்தது. நடுவில் சராசரிக் கோடு, அதற்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு எல்லைக் கோடுகள். வாசகரின் கணக்குக்கு அந்த எல்லைகள் 7, 33. இவற்றுக்குள் வரும் தனி எண் எதற்கும் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, தேடினால் என்ன நஷ்டம்? என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான். ஷூவார்ட்டின் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங், ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதை வகுப்பில் செய்து காட்டுவார். நாம் பாக்கெட் நிரப்பும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இலக்கு 500 கிராம். யாரும் தொடாமல் விட்டால் ஐந்து பாக்கெட்டுகள் 503, 498, 501, 496, 502 என்று விழுகின்றன. அதாவது இயற்கையான பிசகு +3, −2, +1, −4, +2.

இப்போது பொறுப்பான ஒரு ஆபரேட்டர் வருகிறார். பிசகிய ஒவ்வொரு முறையும் செட்டிங்கை அதே அளவு எதிர்த்திசையில் திருப்புகிறார். முதல் பாக்கெட் 503. மூன்றைக் குறைக்கிறார், செட்டிங் 497. அடுத்த பிசகு −2, ஆக 495. ஐந்தைக் கூட்டுகிறார், செட்டிங் 502. அடுத்தது +1, ஆக 503. இப்படியே போனால் அவருக்குக் கிடைப்பவை 503, 495, 503, 495, 506. தொடாமல் விட்டபோது மிகக் குறைந்ததற்கும் மிக அதிகத்துக்கும் இடையே 7 கிராம்தான் வித்தியாசம். அக்கறையாகத் திருத்தியபோது 11 கிராம்!

ஏன்? ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதற்கே உரிய பிசகு எப்படியும் இருக்கும். அதோடு முந்தைய பாக்கெட்டின் பிசகையும் தலைகீழாக்கி நாமே செட்டிங்கில் ஏற்றிவைத்திருக்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பிசகுகள் சேரும்போது விலக்க வர்க்கச் சராசரி (விலகல்களை வர்க்கப்படுத்தி எடுக்கும் சராசரி) சரியாக இரண்டு மடங்காகிறது. அந்த ஆபரேட்டர் சோம்பேறியாக இருந்திருந்தால் பாக்கெட்டுகள் நன்றாக வந்திருக்கும்.

ஒரு மோசமான நாளுக்கு அப்புறம் இயந்திரத்தில் எலுமிச்சம்பழம் கட்டுவதும், ஷிஃப்ட் சூப்பர்வைசரை மாற்றுவதும் என் பார்வையில் ஒரே சிந்தனைதான். இரண்டுக்கும் மறுநாள் 'பலன்' தெரியும். இரண்டாவதில் ஒரு மனிதரின் பிழைப்பு சிக்கியிருப்பதால் அது எனக்குக் கூடுதல் கோபம் தருகிறது. திட்டுக்குப் பயந்து ரிஜெக்டை மறைக்கத் தொடங்கினால், எதைத் திருத்துவது என்பதே தெரியாமல் போய்விடும்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸின் அழைப்பில் ஷூவார்ட் 1947-48இல் இந்தியாவுக்கே வந்து இதையெல்லாம் விளக்கினார். டெமிங் ஜப்பானில் புகழ்பெற்ற வகுப்புகளை நடத்தியது 1950இல். அவர் பெயரிலான பரிசை இந்திய நிறுவனம் ஒன்று முதன்முதலில் வாங்கியது 1998இல்தான். அது சென்னை பாடியில் அப்போது இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் சென்னையிலும் கோவையிலும் உள்ளன. சிறு தொழிற்கூடங்கள் வரை அவை போய்ச்சேரும் அளவுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஒரு சார்ட் வரைய பென்சிலும் தாளும் போதும், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

வாசகருக்கு வருகிறேன். எண்ணிக்கை 26 வந்தால் சார்ட்டில் புள்ளி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். 36 வந்தால் அன்றே நிறுத்தி, என்ன மாறியது என்று தேடுங்கள்: புது லாட் கம்பியா, தேய்ந்த டூலா, புதிதாக வந்த பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா? சராசரி 20 என்பதே பிடிக்கவில்லை என்றால் அது தினக் காரணங்களால் வருவதல்ல. டூல், பொருள், முறை ஆகியவற்றில் நிரந்தரமாக இருப்பது. அதை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் நிர்வாகத்திடம்தான் இருக்கும். எங்கே கை வைக்கலாம் என்று இயந்திரத்தின் அருகில் நிற்பவரைக் கேட்டு, ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். அப்புறம் பொறுத்திருங்கள். தொடர்ந்து எட்டு நாள் புள்ளிகள் சராசரிக் கோட்டுக்குக் கீழேயே விழுந்தால், மாற்றம் பலித்துவிட்டது என்று நம்பலாம். பழைய கோட்டை அழித்துப் புதுச் சராசரி போடலாம்.