ஆணா பெண்ணா? மணலின் சூடுதான் முடிவு செய்கிறது

பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுப் பாதையில் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சுட் கடற்கரை வரும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இது. வழியில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்குகளைப் பார்க்கலாம். கடலோரத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடும். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் இங்கே பெரிய வேலையெல்லாம் மணலுக்கடியில்தான்.

ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை பச்சை ஆமைகள் கரையேறும் காலம். தாய் ஆமை இரவில் வந்து பின்துடுப்புகளால் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்படியே விட்டால் உடும்பு தோண்டித் தின்றுவிடும். அலையும் அரித்துக்கொண்டு போகும். அதனால் கடற்கரையிலேயே உள்ள பாதுகாப்பு மையத்தின் பொரிப்பகத்தில் முட்டைகளை மறுபடி புதைக்கிறார்கள்.

இதில் அவசரமும் வேண்டும், நிதானமும் வேண்டும். தாயின் வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் கரு வளராமல் நின்றிருக்கும். முட்டை வெளியே வந்து காற்று பட்டதும் வளர்ச்சி மீண்டும் தொடங்கும். சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் உட்புறம் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் வெளியே வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதன்பின் முட்டையைத் தலைகீழாகப் புரட்டினால் கரு செத்துவிடும். எனவே இட்ட ஓரிரு மணி நேரத்துக்குள், மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி, குலுக்காமல் எடுத்துப்போக வேண்டும். குழியும் தாய் தோண்டிய ஆழத்துக்கே இருக்க வேண்டும்.

அடுத்தது சூடு. நமக்கு ஆண், பெண் என்பதைக் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன. கடலாமைகளுக்கு அப்படியில்லை. அடைகாலம் ஏறத்தாழ இரண்டு மாதம். அதன் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருந்ததோ அதைப் பொறுத்தே பாலினம் அமைகிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியஸில் ஆணும் பெண்ணும் சரிபாதி. அதற்கு மேல் பெண்கள் கூடும், கீழே ஆண்கள் கூடும். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதி, சூட்டில் மும்முரமாக வேலை செய்வதே இதன் அடிப்படை. பொரித்த குஞ்சைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாலும் ஆணா பெண்ணா என்று தெரியாது.

ஒன்றிரண்டு பாகை ஏறினால் என்ன என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு வட்டாரத்தில், வெப்பமான வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இது மிகுந்த கவலை தரும் செய்தி. இதனால்தான் பொரிப்பகத்துக்கு மேலே கட்டும் நிழல்வலையை வெறும் பந்தலாக நான் பார்ப்பதில்லை; நாளைய ஆண் ஆமைகள் அதன் நிழலில்தான் உருவாகின்றன. முட்டைக் குவியலும் வளர வளரத் தானே சூடு கக்கும். ஆகவே குழிகளை நெருக்கமாகத் தோண்டுவதும் தவறு.

பருவம் முடிந்ததும் பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போடுவது நல்லது. பொரிக்காத முட்டையும் ஓட்டுத் துண்டுகளும் அழுகிப் பூஞ்சை வளர்த்து, அடுத்த பருவத்து முட்டைகளைக் கெடுக்கும்.

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். மேல்மணல் குளிர்ந்ததும் அவை துடுப்படிக்கத் தொடங்கும். வெளிச்சமான கடல் விளிம்பை நோக்கி ஓடும். கைப்பேசி விளக்கைக் காட்டினால் திசை மாறிவிடும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அவற்றின் எரிபொருள். முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி ஆழ்கடலை எட்ட அது உதவும். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தொட்டியில் வைத்திருந்தால் அந்தப் பலமெல்லாம் தொட்டிச் சுவரில் மோதியே தீர்ந்துவிடும். பொரித்த இரவே கடலில் விட்டுவிட வேண்டும்.