கிரைம் இசையில் லண்டன் எங்கே இருக்கிறது?

கிரைம் (grime) என்பது கிழக்கு லண்டனில் பிறந்த, ராப்போலத் தாளத்தின்மேல் பேசிப் பாடும் இசை. அதன் வேகம் நிமிடத்துக்கு 140 தட்டு. பழைய ஹிப்-ஹாப் பெரும்பாலும் 90-ஐச் சுற்றியே நடக்கும். இந்த வித்தியாசம் பாடுபவரின் வாயையே மாற்றிவிடுகிறது. 90-இல் தட்டுக்கு நான்கு அசை, அதாவது சதுஸ்ர நடையில் சொன்னால், நொடிக்கு 6 அசை வரும். நாம் பேசும் வேகமும் ஏறக்குறைய அதுதான். அதே நடையை 140-இல் வைத்தால் நொடிக்கு 9-ஐத் தாண்டும். மூச்சு முட்டும், மெய்யொலிகள் குழம்பும். அதனால் கிரைம் எம்.சி. (மைக் பிடித்துப் பாடுபவர்) பெரும்பாலும் தட்டுக்கு இரண்டு அசை (நொடிக்கு 4.7) என்று வெட்டி வெட்டிச் சொல்வார், இல்லையேல் மூன்றாக்கித் திஸ்ரத்துக்குத் (நொடிக்கு 7) தாவுவார்.

140-இன் பாதியான 70 தட்டுக்கு எழுதிய அமெரிக்க ராப் வரியை இந்த இசைமேல் அப்படியே வைக்கலாமே? கணக்கு பொருந்தும், பாட்டு பொருந்தாது. கிரைமில் பல தாளங்கள் எட்டு மாத்திரையை 3+3+2 என்று பிரிப்பவை: தகிட, தகிட, தக. வரியின் அழுத்தம் அந்த இடங்களில் விழாவிட்டால் பாடுபவர் பின்னால் இழுபடுவதுபோல் கேட்கும்.

இந்தத் தாளம் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் என்ற நடன இசையிலும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் போ பகுதி இளைஞர்கள், ஜங்கிள், கராஜ் என்ற நடன இசைகளின் தொடர்ச்சியாக, உரிமம் இல்லாத வானொலிகளில் மைக்கைக் கைமாற்றி ஆளுக்கு 8 அல்லது 16 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) பாடினார்கள். 140-இல் 16 பார் என்பது 27 நொடிதான். அதற்குள் ஆளை அசத்த வேண்டும். இசைத்தட்டுமேல் பேசிப் பாடும் இந்த வழக்கம் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் என்ற, தெருவில் ஒலிபெருக்கி வைத்து இசைத்தட்டு போடும் குழுக்களிடமிருந்து வந்தது. 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஹிப்-ஹாப்புக்கு வித்திட்ட கூல் ஹெர்க்கும் ஜமைக்காவில் பிறந்தவர்தான். ஆக, கிரைமை ஹிப்-ஹாப்பின் பிள்ளை என்பதைவிடப் பங்காளி என்பதே சரி.

அடுத்தது நாக்கு. பீட்டில்ஸ் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் பாடும்போது அமெரிக்க உச்சரிப்பை நாடியதை மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1983-இல் ஆராய்ந்து எழுதினார். கிரைம் அந்தப் பழக்கத்தை முறித்தது. லண்டனில் 'ஃபோர்' (four) என்பதன் கடைசி 'ர்' ஒலிக்காது. 'ஃபோ' என்று நீளும். 'பார்த்தேன்' என்று பொருள்படும் 'சோ'வோடு (saw) அது அழகாக இயைபு கொள்ளும். அமெரிக்கரைப்போல் நாக்கை மடித்து 'ர்'ரை ஒலித்தால் இயைபு அறுந்துவிடும். 'திங்' (thing) இங்கே 'டிங்' ஆவது ஜமைக்காவின் கொடை. 'மேன்' (man) என்ற சொல் 'நான்' என்ற பொருளிலும் வரும், "மனுஷன் எவ்வளவு நேரம் காத்திருப்பான்?" என்று நாம் நம்மையே சொல்லிக்கொள்வதுபோல.

இவற்றை விட்டு விலகியபோதெல்லாம் கிரைம் தளர்ந்தது என்பது எங்கள் கணிப்பு. 2014-இல் லண்டன் எம்.சி. ஸ்கெப்டா பழைய கிரைம் ஒலிக்கே திரும்பி, வெறும் 80 பவுண்டில் ஒரு காணொளி எடுத்தார். 2016-இல் அவருடைய ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்குரி பரிசை வென்றது.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. சிகாகோவில் பிறந்த டிரில் என்ற ராப் இசை லண்டனுக்கு வந்து, கிரைம் ஊறிய கைகளில் 140-ஐ ஒட்டிய வேகமும் வழுக்கும் பேஸும் (கீழ்ச்சுருதி ஒலியும்) பெற்றது. 2019-இல் புரூக்ளின் ராப்பர் பாப் ஸ்மோக் பெயர் பெற்ற பாட்டுக்கு இசையமைத்த 808மெலோ, கிழக்கு லண்டன்காரர். பாப் ஸ்மோக் அதன்மேல் பாடியது புரூக்ளின் உச்சரிப்பிலேயே.