ஆழ்மூளைத் தூண்டல்

மூளைக்குள் மின்முனை பதித்து மின்துடிப்பு செலுத்தும் இச்சிகிச்சை, மொரிசியஸில் பிரெஞ்சு நாளேடு படிக்கும் தமிழர்களுக்கு 'ஸ்திமுலாசியோன் செரெப்ரால் புரோஃபோந்த்' என்ற பெயரிலேயே அறிமுகமாகிறது. அத்தொடரில் ஆழத்தைக் குறிக்கும் அடைமொழி இலக்கணப்படி தூண்டலையே சார்ந்து நிற்பதால், 'ஆழ்ந்த தூண்டல்' என்று பெயர்த்துவிட இடமுண்டு, அது பிழை. இங்கு ஆழம் என்பது மின்சாரத்தின் வலிமையன்று, மின்முனை சென்று தங்கும் இடம். எனவே 'ஆழ்மூளை' என்று சேர்த்தெழுதுவதே முறை. ('ஆழ்நிலை' என்றால் தியானம் நினைவுக்கு வந்துவிடும்.)

மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை மூளைக்குள் இறக்குவர். காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் மின்கலப் பெட்டி, பெரும்பாலும் நொடிக்கு 130 அளவில் மின்துடிப்புகளை அனுப்பும். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் பெனாபித் இம்முறையை நடுக்க நோய்க்குக் கையாண்டார். வேண்டாத எண்ணமும் அதனால் எழும் செயலும் மீளமீள வரும் கட்டாய எண்ண நோய்க்கு (ஆங்கிலத்தில் OCD) அதைப் பயன்படுத்திய செய்தியை 1999இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் வெளியிட்டனர். மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் பல்லாண்டுகள் பயனளிக்காத கடும் நோயாளிகளுக்கே, 2009இல் அமெரிக்கா வரம்புக்குட்பட்ட அனுமதி அளித்தது.

'ஸ்திமுலாசியோன்' என்ற ஐரோப்பியச் சொல்லின் வேர் லத்தீனின் 'ஸ்திமுலுஸ்'. மாட்டைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோல் என்பது அதன் பொருள். தமிழின் 'தூண்டு' அவ்வளவு கடுமையானதன்று: விளக்குத் திரியை முன்தள்ளிச் சுடரைச் சீராக்குவதும் தூண்டுதலே, அதற்குரிய குச்சி தூண்டுகோல். ஆயினும் இரு சொல்லும் பாதி உண்மையையே சொல்கின்றன; இத்துடிப்புகள் உறங்கும் பகுதியை எழுப்புவதைவிட, மூளையின் முன்பகுதிக்கும் உள்மையங்களுக்கும் இடையே பிறழ்ந்தோடும் சுற்றைக் குலைப்பதாகவே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கட்டாய எண்ண நோயின் பெயரிலும் கவனம் வேண்டும். பிரெஞ்சுக்காரர் 'தொக்' என்று சுருக்கிவிட்டதை நாம் 'எண்ணச் சுழற்சி நோய்' என்கிறோம். கை அழுக்காகிவிட்டது என்ற நினைப்பு எண்ணம். தோல் வெடித்த பின்னும் சோப்பைக் கீழே வைக்க இயலாமை செயல். சுழற்சி என்னும் சொல் முன்னதை மட்டுமே காட்டுகிறது. 1877இல் மனநல மருத்துவர் வெஸ்ட்பால் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லின் முதற்பகுதி கட்டாயத்தையே குறிப்பதால், 'கட்டாய எண்ண-செயல் நோய்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேறு. அதில் மயக்கமருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்குவர். இதில் நோயாளி தம் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்கையிலேயே துடிப்பு தொடரும், மருத்துவர் அதை வெளியிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தியும் விடலாம்.