ஏற்கெனவே இறுகிய தசையை ஏன் இறுக்குகிறீர்கள்?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப அடிவயிறு வலிக்கிறது, போய்விட்டு வந்தால் அடங்குகிறது, அரை மணியில் மறுபடி. இரண்டு வருடமாக இதே கதை. எத்தனை தடவை யூரின் கல்ச்சர் எடுத்தும் கிருமி இல்லை. ஆனாலும் பையில் ஆன்டிபயாடிக் அட்டைகள் ஒரு கத்தை. (அதைத் தொட்டால் தனிக் கட்டுரையாகிவிடும், விடுங்கள்.) கடைசியில் ஒரு சிறுநீரக மருத்துவர் நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி என்று கண்டுபிடித்து, பிசியோதெரபிக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

"எக்சர்சைஸ் எல்லாம் செய்யறேன் மேடம். மக போன்ல பார்த்துச் சொல்லிக் குடுத்தா. தெனம் நூறு தடவை."

எதை? சிறுநீரை அடக்குவது போல் இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சியை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு கீகல் நல்ல மருந்து. அங்கே தசை தளர்ந்து கிடக்கிறது. வலிக்காரர்கள் பலருக்கு நேர்மாறு. இடுப்பின் அடித்தளத் தசை ஏற்கெனவே மூடிய கை மாதிரி இறுகியிருக்கும். அதை மேலும் நூறு தடவை இறுக்கினால் வலி குறையுமா, கூடுமா? அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலே இந்த நோய்க்கு இறுக்கும் பயிற்சி வேண்டாம் என்கிறது. இறுகிய தசையைக் கையால் தளர்த்தும் சிகிச்சையைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. 59 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். வெறும் உடல் மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம்தான்.

இவரைப் படுக்க வைத்து மூச்சு விடச் சொன்னேன். வயிறு அசையவே இல்லை. பல்லைக் கடித்திருந்தார், கால் விரல்கள் மடங்கியிருந்தன. முதுகில் பாரத்தோடு சரிவில் நிற்கிறவர், கழிப்பறை இல்லாத தோட்டத்தில் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்கிறவர்.

"வயித்த உப்ப விடுங்கக்கா, யாரும் பார்க்கல."

நாலாவது மூச்சில்தான் தாடை இறங்கியது.

போனைப் பார்த்து இறுக்குவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் தசை இறுகியதா, தளர்ந்ததா என்று தெரிந்தவர் கைவைத்துப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்ப மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். காலை மாலை ஐந்து நிமிடம் போதும். பாலாசனம் (மண்டியிட்டு உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனியும் யோகாசனம்) செய்யலாம். நடக்கலாம், ஏற்றத்தில் வலித்தால் சமதளத்தில். கோத்தகிரியில் சமதளம் ஏது என்று கேட்காதீர்கள், பள்ளி மைதானம் இருக்கிறது. வலி கூடினால் அன்றைக்கு ஓய்வு.

குளிரில் தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் கூடும். டீ? ஊரே அதில்தான் பிழைக்கிறது, தெரியும். ஆறாவது டம்ளரையாவது விட்டுவிடுங்களேன்.

அப்புறம், சிறுநீரில் ரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் என்னிடம் வராதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள்.