டைரக்டரி சர்வர் யாரை நம்புகிறது?

ஒரு நிறுவனத்தில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, அவர்கள் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்திருப்பது டைரக்டரி சர்வர். அது படுத்துவிட்டால் எவராலும் லாகின் செய்ய முடியாது. அதனால் இரண்டு மூன்று சர்வர்களை வைத்து, ஒன்றில் நடக்கும் மாற்றம் மற்றவற்றுக்கும் போய்ச் சேரும்படி செய்வார்கள். இதுதான் ரெப்ளிகேஷன். இதற்குள் அந்நியர் நுழைந்தால், கடவுச்சொற்களின் ஹேஷ் (கடவுச்சொல்லைக் கணக்குப் போட்டு உருமாற்றிய வடிவம்) உட்பட மொத்தமும் அவர் கைக்குப் போய்விடலாம். ஆகவேதான், ‘இந்த ஐபி முகவரிகளோடு மட்டும் பேசு’ என்று ஒரு பட்டியலைச் சர்வரிடம் கொடுத்துவைக்கிறார்கள்.

அதில் 10.20.30.32/28 என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐபிவி4 முகவரிக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள்; புள்ளிக்கு இடையே உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் 8. /28 என்றால் முதல் 28 பிட்டும் அப்படியே பொருந்த வேண்டும்; கடைசி 4 பிட் எப்படியும் இருக்கலாம். 10.20.30.41 வந்து இணைப்புக் கேட்கிறது. முதல் மூன்று எண்களும் அதேதான். கடைசி எண்ணான 41 இரும எண்ணில் 00101001. கடைசி நான்கு பிட்டையும் பூஜ்யமாக்கினால் 00100000, அதாவது 32. பொருந்திவிட்டது, உள்ளே விடலாம். 48 வந்தால் விடை 00110000, வெளியேதான். இப்படி 32 முதல் 47 வரை 16 முகவரிகளுக்கு மட்டும் அனுமதி. அவசரத்தில் /28-ஐ /8 என்று தட்டிவிட்டால் 1,67,77,216 முகவரிகளுக்குக் கதவு திறந்துவிடும். சில சர்வர்கள் எந்தப் புகாரும் சொல்லாது!

முகவரியைப் பொய்யாகப் போட்டு அனுப்பினால்? டிசிபி இணைப்பில், அதாவது இரு பக்கமும் முதலில் பதில் பரிமாறி உறுதிசெய்துகொள்ளும் இணைப்பில், அது எளிதல்ல. சர்வரின் பதில் உண்மையான முகவரிக்குத்தான் போகும். அதிலுள்ள 32 பிட் வரிசை எண் தெரியாமல் இணைப்பை முடிக்க முடியாது. என்னைக் கேட்டால், பெரிய ஓட்டை நாட் (NAT) என்ற முகவரி மாற்றும் ஏற்பாடுதான். அதன் பின்னால் இருக்கும் அத்தனை கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத் தெரியும். அந்த ஒன்றை நம்பினால் எல்லாவற்றையும் நம்பியதாகிவிடும்.

முகவரி சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே. யார் என்பதற்கு இரு பக்கமும் டிஎல்எஸ் சான்றிதழை (தான் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் அடையாளத்தை) காட்டச் சொல்ல வேண்டும். புதிய சர்வர் சேர்ந்தால் மற்றவற்றின் பட்டியலிலும் அதன் முகவரி ஏற வேண்டும். இல்லாவிட்டால் ரெப்ளிகேஷன் நின்றுபோகும், அதை யாராவது கவனித்துவிடுவார்கள். ஓய்வு கொடுத்த சர்வரின் முகவரியை நீக்கத்தான் மறந்துபோகும். கிளவுடில் அதே முகவரி நாளைக்கே வேறொரு கணினிக்குப் போகக்கூடும்.