சோலார், ஸ்மார்ட் மீட்டர், கார் சார்ஜர்: மின் நுகர்வோர் விதிகளில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்று விண்ணப்பிக்கிறீர்கள். "உங்க ஏரியா டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, லைனை மாத்தணும், செலவை நீங்கதான் ஏத்துக்கணும்" என்று பதில் வருகிறது. 5 கிலோவாட் வரைக்கும் அப்படிச் சொல்ல விதியில் இடமில்லை. சோலாருக்காக விநியோக அமைப்பை வலுப்படுத்த வேண்டியிருந்தால் அந்த அளவு வரை மின் விநியோக நிறுவனமே தன் செலவில் செய்ய வேண்டும்.

இது மத்திய அரசு 2020 டிசம்பர் 31 அன்று அறிவித்த மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளில், 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம். 2003 மின்சாரச் சட்டத்தின் கீழ் வருவதால் நாடு முழுவதற்கும் இதுதான் அடிப்படை. கட்டணம் எவ்வளவு, எந்த நேரம் பீக் (மின் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம்) என்பதையெல்லாம் மாநில ஆணையம் முடிவு செய்யும், நமக்கு அது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

சோலாரை முடித்துவிடலாம். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் எல்லா ஆவணங்களோடும் முழுமையாக இருந்தால், தொழில்நுட்ப ஆய்வு எதுவும் இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். உங்கள் சாங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின் அளவு) போதவில்லை என்றால் அதைக் கூட்டித் தருவதும் விநியோக நிறுவனத்தின் வேலை. 10 கிலோவாட்டுக்கு மேலே போனால் ஆய்வு உண்டு, ஆனால் 15 நாளில் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம். பேனல் மாட்டி, மாட்டி முடித்ததற்கான சான்றிதழை நீங்கள் கொடுத்த பிறகு, ஒப்பந்தம் போட்டு மீட்டர் வைத்து இயக்கத்துக்குக் கொண்டுவர இன்னொரு 15 நாள். இந்தக் கெடுக்கள் எல்லாம் நீங்கள் விண்ணப்பித்த தேதியையும் சான்றிதழ் கொடுத்த தேதியையும் வைத்துத்தான் ஓடும் என்பதால், இ.பி. ஆபீஸில் வாயால் கேட்டுவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை, ஆன்லைனில் போட்டு ஒப்புகை எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்யா கர் திட்டத்தின் மானியம் (2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மொத்தம் 78,000 ரூபாய்) தனிக் கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஸ்மார்ட் மீட்டர், அதாவது ஆள் வராமலே தொலைவிலிருந்து வாசிக்கக்கூடிய மீட்டர். இதைப் பற்றித்தான் பயம் அதிகம், பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் பழைய மீட்டர் கவனிக்காத விஷயங்களை இது கவனிக்கும். உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் லோடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் விசேஷம், சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், இரண்டு ஏசியும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடி 4 கிலோவாட் பதிவாகிவிட்டது. உடனே அபராதமா? 2023 ஜூன் திருத்தம் அதற்கு வேலி போட்டிருக்கிறது. அந்த மாத பில் உண்மையில் பதிவான அளவை வைத்துப் போடப்படும், உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வர வேண்டும், ஆனால் ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் சாங்ஷன் லோடையே உயர்த்தலாம். ஸ்மார்ட் மீட்டர் காட்டிய அளவைப் பிடித்துக்கொண்டு, அது வைப்பதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடவும் கூடாது. மீட்டரை நாளுக்கு ஒரு முறையாவது தொலைவிலிருந்து வாசித்து, அந்த விவரத்தை உங்களோடு பகிர வேண்டும் என்பதும் விதிதான்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகமா? புகார் கொடுத்தால் 5 நாளுக்குள் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, நேரத்துக்கு ஏற்ற கட்டணம். பகலில் வெயில் இருக்கும்போது சோலார் மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது, சூரியன் இறங்கியதும் அது நின்றுபோகிற அதே வேளையில்தான் எல்லார் வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓட ஆரம்பிக்கிறது, அந்த இடைவெளியை நிரப்ப விலை அதிகமான மின்சாரத்தை வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆணையம் குறிக்கிற 8 மணி நேர சூரிய நேரத்தில் யூனிட் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும், பீக் நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும் கடை, தொழிற்சாலைகளுக்குக் குறைந்தது 20 சதவீதமும் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது விதி. கணக்குக்காக யூனிட் 6 ரூபாய் என்று எடுத்தால், பகலில் 4.80, வீட்டுக்குப் பீக்கில் 6.60. பீக் நேரத்தின் அளவு சூரிய நேரத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது. விவசாயத்துக்கு இது கிடையாது. வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகுதான் இது செயலுக்கு வரும். பகலில் ஆள் இருக்கிற வீட்டுக்கு லாபம், காலையில் பூட்டிவிட்டு இரவு ஏழு மணிக்கு வந்து ஏசி போடுகிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்பதுதான் என் கணக்கு. தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் டைமர் வைத்து மதியத்துக்குத் தள்ளினால் ஓரளவு ஈடுகட்டலாம்.

மின்சாரக் கார், ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர்கள் சார்ஜ் செய்யத் தனி இணைப்பு வேண்டும் என்று கேட்கலாம், கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், விநியோக நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. புது இணைப்புக்கு இப்போது பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள்தான் கெடு. பொதுவில் சார்ஜிங் மையம் வைக்க விரும்புகிறவர்களுக்கு: மின்சார விற்பனை உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது.

இவ்வளவும் காகிதத்தில்தானே என்று கேட்டால், பாதி உண்மை. தேதி தாண்டிவிட்டால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், எந்த விதி, எந்தத் திருத்தம், எத்தனை நாள் என்பதைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். குறை தீர்க்க அதிகபட்சம் 45 நாள். அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம், அதில் நுகர்வோர் தரப்புப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று இதே விதிகள் சொல்கின்றன. மன்றத்தின் முடிவும் பிடிக்காவிட்டால் அடுத்தது மின்குறை தீர்ப்பாளர், அவரை நியமிப்பது மாநில ஆணையம், விநியோக நிறுவனம் இல்லை.