ஏப்ரலில் உதைக்கும் கணக்கு

ஜெர்மனியில் 2018 ஏப்ரல் மாதத்தின் சராசரி வெப்பநிலை 12.4 டிகிரி செல்சியஸ். நாடு முழுவதற்குமான கணக்கு 1881-இல் தொடங்குகிறது. அன்றிலிருந்து அதுவரை அவ்வளவு சூடான ஏப்ரல் வந்ததில்லை. மூன்றே ஆண்டு கழித்து 2021 ஏப்ரலில் வெறும் 6.1 டிகிரி. நாற்பது ஆண்டுகளில் அப்படிக் குளிர்ந்த ஏப்ரல் கிடையாது. 'நாடு சூடாகிறது என்கிறீர்களே, எங்கே?' என்று யாராவது கேட்டால் அவர்மேல் தப்பில்லை. தனியாக ஒரு மாதத்தை எடுத்துப் பார்த்தால் பருவநிலை இப்படித்தான் கண்ணாமூச்சி காட்டும்.

அதனால்தான் வானிலைக்காரர்கள் 30 ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். ஜெர்மன் வானிலைத் துறையின் கணக்குப்படி 1961 முதல் 1990 வரை ஆண்டுச் சராசரி 8.2 டிகிரி. 1991 முதல் 2020 வரை 9.3. அதற்கப்புறம் 2024-இல் 10.9 டிகிரி பதிவானது. 1881-க்குப் பின் அதுதான் மிகச் சூடான ஆண்டு. ஏறுமுகம் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் அந்த ஏற்றம் எல்லா மாதங்களுக்கும் சமமாகப் பங்கு போடப்படவில்லை. அதே இரண்டு காலகட்டங்களை ஒப்பிட்டால், ஜனவரி −0.5-லிருந்து 0.9-க்கு வந்திருக்கிறது. ஏப்ரல் 7.4-லிருந்து 9.0. செப்டம்பரோ 13.3-லிருந்து 13.8 மட்டும்தான். அதாவது செப்டம்பரைப் போல ஏப்ரல் மூன்று மடங்கு சூடேறியிருக்கிறது. (செப்டம்பரும் சும்மா இருக்கவில்லை, 2023-இல் 17.2 டிகிரியைத் தொட்டுத் தன் பழைய சாதனையை முறியடித்தது.)

மழைக்கு வருவோம். சூட்டோடு ஜெர்மனியில் வறட்சியும் வந்தது. வறட்சி என்றதும் மழை குறைந்திருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் ஜெர்மனியின் ஆண்டு மழை முதல் காலகட்டத்தில் 789 மில்லிமீட்டர், இரண்டாவதில் 791. ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் 2018, 2019, 2022 ஆண்டுகளில் வயல் ஏன் வெடித்தது? ரைன் நதியில் சரக்குப் படகுகள் ஏன் பாதிச் சுமையோடு போயின?

சம்பளம் மாறாமலேயே வீட்டில் பணத்தட்டுப்பாடு வருவது போலத்தான் இது. வருகிற தேதி மாறினாலும் உதைக்கும், செலவு கூடினாலும் உதைக்கும். ஜெர்மனியில் இரண்டும் நடந்திருக்கிறது.

முதலில் தேதி. ஏப்ரல் மழை முன்பு சராசரியாக 58 மில்லிமீட்டர். இப்போது சுமார் 45. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு லிட்டர். ஆக, ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு குடம் தண்ணீரை இழந்திருக்கிறது, அதுவும் பயிர் தலைதூக்கும் நேரத்தில். மொத்தம் குறையவில்லை என்பதால் அந்த மழை வேறு மாதங்களில் பெய்துவிடுகிறதுதான். அது நிலத்தடி நீருக்கு உதவலாம். ஏப்ரலில் வாடுகிற இளம்பயிருக்கு என்ன பயன்?

அடுத்தது செலவு. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வசந்தமும் முந்தி வருகிறது. ஜெர்மன் வானிலைத் துறைக்காகத் தன்னார்வலர்கள் நாடு முழுக்க ஆப்பிள் எப்போது பூக்கிறது, ஹேசல் புதர் எப்போது பூக்கிறது என்று பல ஆண்டுகளாகக் குறித்துவைக்கிறார்கள். எனக்கு வெப்பமானியைவிட இந்தப் பூக்கணக்குதான் பிடிக்கும். அதன்படி செடிகள் முன்பைவிடச் சீக்கிரம் விழித்துக்கொள்கின்றன. சீக்கிரம் துளிர்க்கும் இலை சீக்கிரமே தண்ணீர் குடிக்கவும் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் மண் சேர்த்துவைத்த ஈரம் கோடை வருமுன்னே கரைந்துபோகும்.

இதன் பிறகுதான் உண்மையான சிக்கல். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஈரமான நிலமும் ஒரு பெரிய மண்பானைதான். விழும் வெயிலில் கணிசமான பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். காற்று அவ்வளவாகச் சூடாகாது. நிலம் காய்ந்துவிட்டால் அதே வெயில் நேரே மண்ணையும் காற்றையும் சுட வைக்கிறது. சுட்ட காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது. வறட்சி வெப்பத்தைக் கூட்ட, வெப்பம் வறட்சியைக் கூட்ட, ஒன்றையொன்று ஏற்றிவிட்டுக்கொள்ளும். வறட்சி இன்னும் விலகாத 2019-இல், ஜூலை 25 அன்று டூயிஸ்பர்க் அருகே 41.2 டிகிரி பதிவானது. அதற்குக் காற்று கொண்டுவந்த வெப்பம் முக்கியக் காரணம் என்றாலும், காய்ந்த மண்ணும் தன் பங்குக்கு உதவியது.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மணல்பூமி. ஜெர்மானியர்களே அதை 'மணல் டப்பா' என்று கேலி செய்வார்கள். மழையும் குறைவு, பெய்ததைப் பிடித்துவைக்க மண்ணாலும் முடியாது. ஹார்ட்ஸ் மலையில் கதை வேறு. அங்கே மழை உண்டு, ஆனால் வேர் ஆழம் போகாத ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டுவைத்திருந்தார்கள். தண்ணீர் கிடைக்காத மரத்தால் போதிய பிசின் சுரக்க முடியாது. பிசின் இல்லாவிட்டால் பட்டையைத் துளைக்கும் வண்டைத் தடுக்க முடியாது. வெப்பம் கூடியதால் வண்டும் ஆண்டுக்குக் கூடுதல் தலைமுறை பெருகியது. 2018-க்குப் பின் மலைச்சரிவுகள் முழுக்கச் சாம்பல்நிறக் கம்பங்களாக நின்றன.

ரைன் நதியில் காவ்ப் என்ற ஊரின் நீர்மட்ட அளவுகோல் 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டர் காட்டியது. முழங்காலளவுத் தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை, படகு போகும் தடத்தில் கூடுதலாக ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஆனாலும் பெரிய சரக்குப் படகுக்கு அது போதாது.

அப்புறம் நிலைமை தலைகீழானது. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான 12 மாதங்கள் 1881-க்குப் பின் ஜெர்மனி கண்டதிலேயே மிக ஈரமான 12 மாதங்கள். வறட்சி தீர்ந்தது என்று பலர் மூச்சுவிட்டார்கள். 2025 வசந்தம் வந்தது. 1881-க்குப் பிந்தைய மிக வறண்ட வசந்தங்களில் அதுவும் ஒன்று.

லைப்சிக்கில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் தினமும் வறட்சி வரைபடம் வெளியிடுகிறது. மழை இல்லை என்பதற்காக மட்டும் அவர்கள் வறட்சி என்று எழுதிவிடுவதில்லை. அதே இடத்தில், அதே பருவத்தில் நூற்றுக்கு 20 முறைதான் மண் இவ்வளவு காயும் என்ற அளவுக்குக் கீழே போனால்தான் வறட்சி. வரைபடங்கள் இரண்டு: ஒன்று மேல்மண்ணின் 25 சென்டிமீட்டருக்கு, மற்றது சுமார் 1.8 மீட்டர் ஆழம் வரைக்கும். ஒரு நல்ல மழைக்குப் பின் முதல் படத்தில் வறட்சியைக் காட்டும் சிவப்பு சட்டென்று வெளுத்துவிடும். இரண்டாவது படத்தில் சிவப்பு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.